பாம்பே டோஸ்ட்டும் காஞ்சிபுரம் இட்லியும்: ஆவி அடுப்பின் கதை

நட்சத்திர ஓட்டல்களின் காலைச் சிற்றுண்டி மேஜையில் ஒரு பண்டம் கட்டாயம் இருக்கும். தடிமனாக வெட்டிய ரொட்டித் துண்டு. பாலும் முட்டையும் குடித்து நன்றாக ஊறியது. மேலே வாழைப்பழமோ மாம்பழமோ வரிசையாக அடுக்கியிருக்கும். வெளியே பொன்னிறம், உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். பெயர் பிரெஞ்சு டோஸ்ட். பெரிய சமையலறைகளில் இதைத் தோசைக்கல்லில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஐம்பது அறுபது துண்டுகளை ஒரே நேரத்தில் தட்டுகளில் அடுக்கி, ஆள் உயரப் பெட்டி ஒன்றுக்குள் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் பெயர் காம்பி ஸ்டீம் ஓவன். ஆவியும் உண்டு, உலர்ந்த அனலும் உண்டு. இரண்டையும் வேண்டிய அளவில் கலந்தும் கொடுக்கும்.

இதே பண்டத்தின் ஏழைத் தம்பி ஒருவன் நம்மூர் பேக்கரிகளில் இருக்கிறான். உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யாறு என்று எந்த ஊர் பேக்கரியில் கேட்டாலும் அவன் பெயர் "பாம்பே டோஸ்ட்"தான். முட்டையில் முக்கி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, சர்க்கரை தூவிக் கொடுப்பார்கள்.

ஒன்றின் பெயரில் பிரான்ஸ், இன்னொன்றின் பெயரில் பம்பாய்! உண்மையில் இரண்டு ஊருக்கும் இந்தப் பண்டத்தின் மேல் பெரிய உரிமை கிடையாது. அதைவிட ஆச்சரியம், "நவீனம்" என்று விற்கப்படும் அந்த ஆவி அடுப்பின் ஒரு பாதியைக் காஞ்சிபுரம் பல காலமாக மூங்கில் கூடையில் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போமா?

தொலைந்த ரொட்டி

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிரெஞ்சு டோஸ்ட் என்று சொல்வதே இல்லை. அவர்கள் வைத்த பெயர் "பேன் பெர்து". "தொலைந்த ரொட்டி" என்று பொருள். காய்ந்து, கல்லாகி, இனி யாரும் கடிக்க முடியாது என்று கைவிடப்பட்ட ரொட்டி. அதைப் பாலில் ஊறவைத்துப் பிழைக்க வைப்பதால் அந்தப் பெயர்.

ஆனால் பிரான்ஸ் என்ற நாடு உருவாவதற்கு முன்பே இந்தத் தந்திரம் தெரிந்திருந்தது. ரோமானியர்களின் சமையல் குறிப்புகள் அபிசியஸ் என்பவர் பெயரில் ஒரு தொகுப்பாகக் கிடைத்திருக்கின்றன. தொகுக்கப்பட்ட காலம் கி.பி. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அதில் இனிப்புப் பண்டங்களுக்கு நடுவே ஒரு குறிப்பு: வெள்ளை ரொட்டியின் மேலோட்டை நீக்கு, பெரிய துண்டுகளாகப் பிய், பாலில் ஊற வை, எண்ணெயில் பொரி, தேன் ஊற்று. அவ்வளவுதான். அந்தக் குறிப்புக்குத் தனியாக ஒரு பெயர் கூட வைக்கவில்லை. "இன்னொரு இனிப்பு" என்ற அளவோடு விட்டுவிட்டார்கள்.

பிறகு ஐரோப்பா முழுக்க ஊருக்கு ஒரு பெயர். ஜெர்மனியில் "ஏழை வீரர்கள்". ஸ்பெயினில் "தொர்ரிஹா". ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துப் பண்டம் அது. போர்ச்சுகலில் கிறிஸ்துமஸ் சமயத்தில் செய்யும் "ரபனாடா". ஆங்கிலத்தில் "பிரெஞ்சு டோஸ்ட்" என்ற பெயர் 1660-ல் ராபர்ட் மே என்ற சமையல்காரர் எழுதிய நூலில் வருகிறது. அவர் சொல்லும் முறையில் முட்டையே கிடையாது! சுட்ட ரொட்டியை ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுப் பழச்சாறும் சேர்க்கச் சொல்கிறார். அதாவது பழம் சேர்ப்பது இன்றைய ஓட்டல் செஃப்களின் கண்டுபிடிப்பு இல்லை. 360 வருடங்களுக்கு முன்பே இருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. ஹைதராபாத்தின் "டபுள் கா மீட்டா" ரொட்டியைப் பொரித்துப் பாலிலும் பாகிலும் ஊறவைப்பதுதான். ரொட்டியே இல்லாத தமிழ் வீட்டிலும் இதே புத்தி வேறு வடிவில் இருந்தது. காலை இட்லி மிஞ்சினால் மாலையில் இட்லி உப்புமா. இரவுச் சோறு மிஞ்சினால் காலையில் பழையது. மிஞ்சிய மாவு புளித்துப்போனால் ஊத்தப்பம். தொலைந்ததை மீட்பது எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. பசி இருந்த இடத்தில் எல்லாம் அது இருந்தது.

ரொட்டி வந்த வழி

புளிக்க வைத்து அடுப்பில் சுடும் ரொட்டி தமிழர்களுக்குக் கடல் வழியாக வந்தது. போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த "பாவ்" இன்றும் கோவாவிலும் மும்பையிலும் அதே பெயரில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் அது "பாண்" ஆனது. யாழ்ப்பாணத்தில் ரொட்டி சுடும் அடுப்புக்குப் "போறணை" என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியில் அடுப்பைக் குறிக்கும் "ஃபோர்னோ"தான் இப்படி மாறியது. பண்டத்தோடு சேர்ந்து அதைச் சுடும் கருவியும் பெயரோடு வந்திருக்கிறது, பாருங்கள். இதே கப்பல்களில் வந்த இன்னொரு ஆள் அன்னாசிப்பழம். இன்று பிரெஞ்சு டோஸ்ட் மேல் அன்னாசித் துண்டு வைத்தால், இரண்டு சகபயணிகள் 500 வருடம் கழித்து ஒரே தட்டில் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றியது 1674-ல். 1954 வரை ஊர் அவர்கள் கையில். உத்திரமேரூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் புதுச்சேரி 80 கிலோமீட்டர் கூட வராது. பம்பாயோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இருந்தும் நம்மூர் டோஸ்ட்டின் பெயரில் பம்பாய்தான் ஒட்டிக்கொண்டது. பண்டங்களின் பெயரை வைத்து வரலாறு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஆனால் கப்பலில் வந்த ரொட்டி கிராமத்துக்கு உடனே வரவில்லை. நெல் விளையும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் கோதுமைக்கே வேலை இல்லை. பல காலம் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் "ரெண்டு நாளைக்கு ரொட்டியும் பாலும் கொடுங்க" என்பார். வீட்டில் ரொட்டிப் பாக்கெட் தென்பட்டால் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

இந்த நிலையை மாற்றியது ருசி இல்லை, பஞ்சம். 1956-ல் அமெரிக்காவோடு போட்ட பி.எல்.480 ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965, 1966 வறட்சிக்குப் பிறகு நிலைமை மிக மோசம். 1966-ல் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அரிசித் தட்டுப்பாடு அப்போது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி வாக்குக் கேட்டதும், ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதும் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

இந்தக் காலகட்டத்தில்தான் மத்திய அரசே ரொட்டி சுட இறங்கியது. 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவின் உதவி கிடைத்தது. சென்னை உட்படப் பல நகரங்களில் ஆலைகள் வந்தன. மெழுகுத்தாளில் சுற்றிய மாடர்ன் பிரெட் பஸ் ஏறிச் சின்ன ஊர்களுக்கும் போனது. வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கொசுறு: இதே நிறுவனத்தின் 74 சதவீதப் பங்குகளைத்தான் மத்திய அரசு 2000 ஜனவரியில் இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. பொதுத்துறை நிறுவனத்தின் நிர்வாகத்தையே தனியாருக்குக் கொடுத்த முதல் விற்பனை அது. பங்கு விலக்கல் பாடம் ரொட்டியில்தான் ஆரம்பிக்கிறது!

ரொட்டி வந்துவிட்டது. வீட்டில் அதைச் சூடாக்க என்ன இருந்தது? தோசைக்கல் இருந்தது. ஓவன் இல்லை. ஆகவே பாம்பே டோஸ்ட் தோசைக்கல்லிலேயே பிறந்து, அங்கேயே நிலைத்துவிட்டது. ஆனால் தமிழ் வீட்டில் ஓவன் இல்லாவிட்டாலும் வேறு ஒன்று இருந்தது. அதுதான் ஆவி.

யுவான் சுவாங் பார்க்காத பாத்திரம்

ஆவியில் வேகவைப்பது தமிழர்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? இந்தக் கேள்வியில் ஒரு பழைய வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சீனப் பயணி யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்தார். பல்லவர் காலம். தன் பயண நூலில் இந்தியாவைப் பற்றிப் பொதுவாக எழுதும் இடத்தில் சமையல் பாத்திரங்களைப் பற்றியும் சொல்கிறார். இங்கே சட்டிகளும் அண்டாக்களும் உண்டு, ஆனால் சோற்றை ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இவர்களுக்குத் தெரியாது என்பது அவர் கருத்து. சீனாவில் அடியில் துளையிட்ட ஆவிப் பாத்திரம் அதற்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே வழக்கத்தில் இருந்தது. அது இங்கே கண்ணில் படாதது அவருக்கு வியப்பு.

உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அச்சயா இந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டார். கன்னட நூலான வட்டாராதனையில் (கி.பி. 920 வாக்கில்) "இட்டலிகே" என்ற பண்டம் வருகிறது. 11-ஆம் நூற்றாண்டு லோகோபகாரம் என்ற நூலில் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும் முறை வருகிறது. ஆனால் அரிசி சேர்ப்பது, நீண்ட நேரம் புளிக்க வைப்பது, ஆவியில் வேகவைப்பது ஆகிய மூன்றும் இந்தப் பழைய குறிப்புகளில் தெளிவாக இல்லை. ஆகவே இட்லியின் ஆவி இந்தோனேசியா பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று அச்சயா ஊகித்தார். அது இணையத்தில் பரவி, "இட்லி இந்தோனேசியப் பண்டம்" என்று முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது.

இங்கேதான் நிதானம் தேவை. யுவான் சுவாங் சொன்னது சோறு வேகவைக்கும் குறிப்பிட்ட பாத்திரத்தைப் பற்றி. ஆவியில் எதையுமே இவர்கள் வேகவைப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆவியில் வேகவைக்கத் தனிப் பாத்திரம் எதற்கு? பானையில் தண்ணீர், வாயில் ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் மாவு, மூட ஒரு சட்டி. வேலை முடிந்தது. துணி இட்லி இன்றும் அப்படித்தான் வேகிறது. சமையல் முடிந்ததும் துணியை அவிழ்த்துவிட்டால் அது வெறும் பானை. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதில் ஆவிப் பாத்திரம் எப்படித் தெரியும்?

சாட்சிக்குப் பிட்டு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வீதியில் விற்பவர்களில் "காழியர்" என்று ஒரு கூட்டம் வருகிறது. பிட்டு விற்பவர்கள் என்று பழைய உரை சொல்கிறது. மதுரையில் வந்திக் கிழவியின் பிட்டுக்காகச் சிவன் மண் சுமந்த கதை தெரியாதவர் இல்லை. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பெரும்பாலோர் கருதும் மாணிக்கவாசகரே அந்தக் கதையைத் திருவாசகத்தில் குறிப்பிடுகிறார். வேகவைத்த பிட்டு வீதியில் விற்கும் அளவுக்குச் சாதாரணப் பண்டமாக இருந்தால்தான் இப்படிக் கதை பிறக்கும். பிட்டு அன்றும் இன்று போல ஆவியில்தான் வெந்தது என்றால், இட்லிக்கான ஆவியைத் தேடிக் கடல் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு பக்கத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது.

உத்திரமேரூர் காலமும் குடலை இட்லியும்

வட்டாராதனை எழுதப்பட்டதாகச் சொல்லும் கி.பி. 920-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டது 919-லும் 921-லும். தென்னிந்தியாவில் ஒரு மூலையில் இட்லியின் பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏறிய அதே நேரத்தில், இன்னொரு மூலையில் தேர்தல் விதிகள் கல்லில் ஏறிக்கொண்டிருந்தன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலைகளைக் குடத்தில் இட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்தது. தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளவே 12 பேர் கொண்ட தோட்ட வாரியம் இருந்தது. சோற்றுக்கு ஏரி, காய் கனிக்குத் தோட்டம் என்று இரண்டுக்கும் தனித்தனிக் குழு அமைத்த ஊர் அது. உணவைச் சாதாரண விஷயமாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

உத்திரமேரூருக்கு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில், காஞ்சிபுரம். அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இன்றும் செய்யப்படுவது கோயில் இட்லி. குடலை இட்லி என்றும் சொல்வார்கள். அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ப்பார்கள். நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி மாவை ஊற்றி, பெரிய கொப்பரைக்குள் நிறுத்தி, விறகு அடுப்பில் சுமார் 3 மணி நேரம் வேகவைப்பார்கள். வெந்த இட்லி உருளையாக, ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதைத் துண்டு போட்டுத்தான் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

இதில் இருக்கும் தொழில்நுட்பத்தைப் பாருங்கள். மூங்கில் பின்னலின் இடுக்குகள் வழியாக ஆவி நாலு பக்கமிருந்தும் மாவை வந்து சேர்கிறது. மாவு வழியாமல் இலை பிடித்துக்கொள்கிறது, வாசனையும் தருகிறது. இன்றைய காம்பி ஓவனில் துளையிட்ட எஃகுத் தட்டுகள் செய்யும் வேலையை இங்கே மூங்கில் செய்கிறது.

ஆவியின் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், வங்கிக் கணக்கு மாதிரிதான்.

0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வெப்பம் போதும். ஆனால் அதே கொதிநீரை ஆவியாக மாற்ற இன்னும் சுமார் 540 கலோரி வேண்டும். இத்தனை வெப்பம் உள்ளே போயும் வெப்பமானியில் ஒரு டிகிரி கூட ஏறாது. எங்கே போனது? ஆவி அதைத் தன்னிடம் டெபாசிட்டாக வைத்திருக்கிறது. குளிர்ந்த மாவின் மேல் ஆவி பட்டு மீண்டும் தண்ணீர்த் துளியாகும்போது, அந்த 540 கலோரியும் அப்படியே மாவுக்குப் போய்ச் சேர்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் கண்டறிந்தார்.

200 டிகிரி உலர்ந்த ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்தால் சூடு தெரியும், வெந்துவிடாது. 100 டிகிரி இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி கொப்புளமே போட்டுவிடும். காரணம் இந்த டெபாசிட்தான்.

ஆனால் ஆவிக்கு ஒரு பலவீனம். சாதாரணப் பானையில் அது 100 டிகிரியைத் தாண்டாது. ரொட்டியோ இறைச்சியோ பொன்னிறமாகிச் சுட்ட வாசனை வர சுமார் 140 டிகிரிக்கு மேல் வேண்டும், மேற்பரப்பும் உலர்ந்திருக்க வேண்டும். 1912-ல் இதன் வேதியியலை விளக்கியவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு டோஸ்ட்டில் பிரான்சுக்கு ஏதாவது பங்கு உண்டு என்றால் இதைச் சொல்லலாம்! இட்லி எத்தனை மணி நேரம் வெந்தாலும் வெள்ளையாகவே இருப்பதும், தோசை இரண்டே நிமிடத்தில் சிவந்துவிடுவதும் இதனால்தான்.

இரண்டு பாதிகள் சேர்ந்த கதை

ஆக, தமிழ் வீட்டிடம் ஆவி இருந்தது, ஓவன் இல்லை. ஐரோப்பாவிடம் ஓவன் இருந்தது. ஆவியை அதற்குள் கொண்டுவர அவர்களுக்கும் நாளானது.

1679-ல் டெனிஸ் பாப்பின் என்பவர் ஆவியை மூடிய பாத்திரத்துக்குள் அடைத்து எலும்பையே மென்மையாக்கிக் காட்டினார். இன்றைய பிரஷர் குக்கரின் பாட்டன் அது. பிறகு ரொட்டிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சுடும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் ஆவி இருந்தால் ரொட்டியின் தோல் சீக்கிரம் இறுகாது, நன்றாக உப்பும், மேலே பளபளப்பும் வரும். 1830-களின் கடைசியில் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரீஸில் வியன்னா பேக்கரி திறந்தபோது இந்த ஆவி அடுப்பையும் கூடவே கொண்டுவந்தார். பிரெஞ்சு ரொட்டியின் புகழில் அவருக்கும் பங்கு உண்டு. பின்னால் அவர் ஊருக்குத் திரும்பி, 1848-ல் "டீ பிரெஸ்ஸே" என்ற பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அது வேறு கதை.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1910-ல் கல்கத்தாவின் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் "இக்மிக் குக்கர்" என்ற ஆவி அடுப்பை உருவாக்கினார். டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள், கீழே கரி நெருப்பு. சோறு, பருப்பு, காய் எல்லாம் ஒன்றாக வெந்துவிடும். 1959-ல் ஹாக்கின்ஸ், பிரெஸ்டீஜ் பிரஷர் குக்கர்கள் இங்கே தயாராகத் தொடங்கின. 2002-ல் திருமலையில் சூரிய வெப்பத்தால் ஆவி உண்டாக்கி, தினம் 15,000 பேருக்குச் சமைக்கும் அமைப்பு வந்தது.

ஆவியையும் உலர் அனலையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது ஜெர்மனி. லாண்ட்ஸ்பெர்க் என்ற ஊரின் ரேஷனல் நிறுவனம் 1976-ல் காம்பி ஸ்டீமரை அறிமுகப்படுத்தியது. மருத்துவமனை, ராணுவ முகாம், பெரிய ஓட்டல் என்று கூட்டத்துக்குச் சமைக்கும் இடங்களுக்கு அது வரப்பிரசாதம். வீட்டு அளவில் சின்னப் பெட்டிகள் பிறகு வந்தன.

பழ டோஸ்ட்டுக்கு ஆவி எதற்கு?

பாலும் முட்டையும் ஊறிய தடித்த ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டால், வெளிப்பக்கம் கருகும்போதும் நடுவில் பச்சை முட்டை வாடை இருக்கும். தீயைக் குறைத்தால் ரொட்டி எண்ணெய் குடிக்கும். வெறும் ஓவனில் வைத்தால் மேல்பக்கம் வறண்டு தோலாகிவிடும். பழத்தின் ஓரங்கள் சுருங்கிக் கசக்கும்.

காம்பி ஓவனில் முதல் கட்டம் ஆவி கலந்த மிதமான சூடு. ஆவி தன் டெபாசிட்டை வேகமாகக் கொடுத்து ரொட்டியின் நடுப்பகுதி வரை முட்டையை இறுக வைக்கிறது. மேற்பரப்பு ஈரமாகவே இருப்பதால் வறளாது. பழம் தன் சாற்றோடு குழைந்து ரொட்டிக்குள் இறங்கும். இரண்டாம் கட்டத்தில் ஆவியை நிறுத்தி உலர் அனலைச் சுமார் 200 டிகிரிக்கு ஏற்றினால், சில நிமிடங்களில் பொன்னிறம். முதல் பாதி இட்லிப் பானை, இரண்டாம் பாதி தோசைக்கல். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

அப்படியானால் காம்பி ஓவன் இல்லாத வீட்டில்? இரண்டு பாதிகளும் ஏற்கெனவே அலமாரியில் இருக்கின்றன. ஒரு நாள் பழைய ரொட்டியைத் தடிமனாக வெட்டி, பால், முட்டை, சர்க்கரை, ஏலக்காய் கலவையில் ஊற வையுங்கள். நெய் தடவிய தட்டில் அடுக்கி, மேலே வாழைப்பழமோ பலாச்சுளையோ வையுங்கள். மூடியிலிருந்து நீர் சொட்டாமல் இருக்க இன்னொரு தட்டால் மூடி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் தோசைக்கல்லில் நெய் விட்டு, அடிப்பக்கம் சிவக்கும் வரை வைத்து எடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பச்சை அன்னாசியையும் பச்சைப் பப்பாளியையும் பாலோடு நேரடியாகக் கலக்காதீர்கள். அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். முதலில் ஒரு கொதி விட்டால் அந்த நொதிகள் செயலிழந்துவிடும்.

லாப நட்டக் கணக்கு

இந்தக் கதையில் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தொலைந்த ரொட்டி என்பது ஏழைகளின் பண்டம். புதிய ரொட்டி வாங்க முடியாதவர்கள், இருப்பதை வீணாக்க மனசு வராதவர்கள் கண்டுபிடித்தது. இன்று பெரிய ஓட்டல்களில் அதற்கென்றே புது ரொட்டி சுட்டு, அதை வேண்டுமென்றே ஒரு நாள் காயவைத்து, லட்சக்கணக்கில் விலையுள்ள அடுப்பில் வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், வீட்டில் இரண்டு நாள் ஆன பிரெட் பாக்கெட் நேராகக் குப்பைக்குப் போகிறது. பண்டத்தின் பெயர் உயர்ந்துவிட்டது. அது பிறந்த காரணம் மறந்துபோய்விட்டது.

கருவி மேல் தவறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நூறு பேருக்கு மெத்தென்ற, சத்துள்ள காலை உணவை ஒரே சூட்டில் கொடுக்க அந்தப் பெட்டியால் முடிகிறது என்றால் அது நல்ல விஷயம்தான். ஆனால் "நவீனம்" என்ற வார்த்தையைக் கேட்டதும், நம்மிடம் எதுவுமே இல்லாதது போல நினைத்துக்கொள்வது தவறு. ஆவியை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று நம்புவதும், பாட்டியின் இட்லிப் பானையைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடுவதும் ஒரே மறதியின் இரண்டு பக்கங்கள்.

பூஞ்சை பிடிக்காத வரை, காய்ந்த ரொட்டி கெட்டுப்போன ரொட்டி இல்லை. கொஞ்சம் பாலும் கொஞ்சம் ஆவியும் கொடுத்தால் அது திரும்பி வந்துவிடும். அடுத்த முறை பிரெட் பாக்கெட்டைத் தூக்கிப் போடும் முன், அலமாரியில் இருக்கும் இட்லிப் பானையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.